இனிப்புநீர் உள்ளவர் கண்ணுக்கு இரண்டு பரிசோதனை: கிளாக்கோமா குறித்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அக்காவுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, என்று தெரிந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டு தவறாமல் கிளினிக்கில் கண் படம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் ‘நோர்மல்’ என்றே குறித்துக் கொடுத்தார்கள். சென்ற தீபாவளிக்கு முன் படிக்கும் கண்ணாடியை மாற்றலாமென்று பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள பட்டர்வொர்த்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனபோது, கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவியின் முன் அவரை உட்காரவைத்த பெண், எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முறை ஊதினார். “ஆண்ட்டி, வலது கண்ணுல 28 காட்டுது. கண்ணாடிய அப்புறம் பாக்கலாம், மொதல்ல டாக்டரப் பாருங்க” என்றார். அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. “கண்ணு நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துருக்காங்களே!” என்று கைப்பையிலிருந்த பழைய சீட்டை எடுத்துக் காட்டினார்.

சீட்டில் எழுதியிருந்ததும் பொய்யில்லை, கருவி காட்டியதும் பொய்யில்லை. சீட்டு, கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையைப் பற்றியது. கருவி கண்ணின் அழுத்தத்தைப் பற்றியது. இனிப்புநீர் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கடந்த ஓராண்டாக அக்காவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்பவன். இங்குள்ள எதுவும் மருத்துவர் சொல்லுக்கு மாற்றாகாது.

முதலில், எது எந்த நோய்

கிளினிக்கில் எடுக்கும் கண் படம், நீரிழிவால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றனவா, அடைபட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் நோய் தெரிந்த உடனேயும், பிறகு பொதுவாக ஆண்டுக்கொரு முறையும் இதைச் செய்துகொள்ள வேண்டும். கருவுற்றிருக்கும் நீரிழிவு நோயாளிகள் தொடக்க மாதங்களிலேயே செய்துகொள்ள வேண்டும். இதை யாரும் கைவிட்டுவிடக் கூடாது.

கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், வேறு இடத்தைத் தாக்குவது. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, கறுப்பாகத் தெரியும் ஐரிஸும் அதற்கு முன்னால் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கார்னியாவும் சந்திக்கும் மூலையிலுள்ள சல்லடை போன்ற வடிகால் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அன்று. கண்ணீர் வெளியே சுரப்பது, இது உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. சுரப்பதற்கு ஈடாக வடியாவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பை, அதிலுள்ள ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகளைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொல்கிறது. பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 10 முதல் 21 வரையிலான அழுத்தத்தை இயல்பென்பார்கள். ஆனால் அந்த எல்லைக்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. 24, 25 என்றிருந்தும் நரம்பு கெடாதவர்களும் உண்டு. எனவே எண் மட்டும் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும்.

நோயின் வஞ்சகம், ஓரப் பார்வையை முதலில் தின்பதுதான். நேரே பார்க்கும் பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் நாளிதழ் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மறு கண் நிரப்பிவிடுகிறது. இழந்த பார்வை எந்தச் சொட்டு மருந்தாலும், எந்த அறுவைச் சிகிச்சையாலும் திரும்புவதில்லை. மீதமிருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே சிகிச்சையின் வேலை.

நீரிழிவு எப்படி இதற்குள் வருகிறது

மலேசியாவில் 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் போவதில்லை. நீரிழிவுக்கும் கிளாக்கோமாவுக்கும் உள்ள உறவு ஒரே உறவன்று. மூன்று வழிகளை நான் பிரித்துச் சொல்வேன். மூன்றின் உறுதியும் ஒரே அளவினதன்று.

முதலாவது, வடிகால் மூலை திறந்திருந்தும் நீர் மெல்ல வடிவதால் வரும் சாதாரண வகை. நீரிழிவு உள்ளவர்களிடம் இது சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நீரிழிவுதான் அதை உண்டாக்குகிறது என்று முடிவாக நிறுவப்படவில்லை. அமெரிக்காவில் கண் அழுத்தம் கூடியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், நீரிழிவு கிளாக்கோமாவைத் தடுப்பது போலவே ஒரு கணக்கு வந்துவிட்டது. விழித்திரை ஏற்கெனவே கெட்டிருந்த நீரிழிவு நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதே அந்த வினோதக் கணக்குக்குக் காரணமாகப் பின்னர் சொல்லப்பட்டது. அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, “சுகர் இருந்தா பிரஷர் வராதாம்” என்று காப்பிக் கடையில் ஒருவர் என்னிடமே சொன்னார்.

இரண்டாவது வழியில் ஐயத்துக்கு இடமில்லை. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் விழித்திரையின் குழாய்கள் அடைபட்டு, அதற்கு இரத்தமும் உயிர்வளியும் போதாமல் போனால், புதிய குழாய்களை வளரச் செய்யும் ஒரு புரதத்தை விழித்திரை வெளியிடுகிறது. அது கண்ணின் முன்பகுதிக்கும் பரவுவதால், ஐரிஸின் மேலும் வடிகால் மூலையிலும் மெல்லிய குழாய்கள் கொடிபோல் படர்ந்து, சல்லடையை மூடி, நாளடைவில் அந்த மூலையை இழுத்து ஒட்டவைத்துவிடுகின்றன. அழுத்தம் மிக உயரத்துக்கு ஏறும். கண் சிவந்து வலிக்கும். பார்வை விரைவில் போகும். இது வந்தபின் மருத்துவம் கடினம். வருமுன் காப்பதற்கு, விழித்திரைக்கு லேசரோ ஊசியோ தேவை என்று மருத்துவர் சொல்லும்போது நாளைக் கடத்தாமல் செய்துகொள்வதே வழி. கண் படம் விழித்திரைக்கானது, அழுத்தத்துக்கானதன்று என்று மேலே சொன்னேன். ஆனால் இந்த ஒரு வகையைப் பொறுத்தவரை கண் படம்தான் முதல் காவல்.

மூன்றாவது வழி ஸ்டீராய்டு. இதைப் பற்றி நம் மக்கள் பேசுவதே இல்லை. ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையையும் ஏற்றும், சிலருக்குக் கண் அழுத்தத்தையும் ஏற்றும். நீரிழிவால் விழித்திரையின் மையம் வீங்கியவர்களுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசிகளில் சில ஸ்டீராய்டு வகை. அவற்றைப் போட்ட மருத்துவரே அழுத்தத்தையும் தொடர்ந்து பார்ப்பார். யாருக்கும் தெரியாமல் உள்ளே போகும் ஸ்டீராய்டுதான் ஆபத்து. கண் அரிப்புக்கென்று எவரோ முன்பு வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் தொடர்வது ஒன்று. மூட்டுவலிக்கென்று பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் தெரிந்தவர் மூலமும் வாங்கும் பொடிகளும் குளிகைகளும் மற்றொன்று. பாரம்பரிய மருந்தென்று விற்கப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைக் கண்டுபிடித்து, நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டே நாளில் முழங்கால் வலி மாயமாக மறைந்தால் மகிழ்வதற்குப் பதில் ஐயப்பட வேண்டும். உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் உண்ண வேண்டாம்.

முதல் படி: போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: நீரிழிவு தெரிந்த ஆண்டு, கடைசி எச்.பி.ஏ.1.சி அளவு (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), உட்கொள்ளும் எல்லா மருந்துகளும் (நாட்டு மருந்து உட்பட, வெட்கப்படாமல்), ஆஸ்துமா அல்லது சிறுநீரகக் கோளாறு உண்டா என்பது, குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்ததா என்பது. கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று உடனே எழுதிவிடாதீர்கள். “தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாது, வயசாயிடுச்சு” என்று நம் வீடுகளில் சொல்வதில் பாதி கண்புரையாகவும், மீதியில் ஒரு பகுதி இதுவாகவும் இருந்திருக்கலாம். எங்கள் அப்பாவும் சுவரைத் தடவித்தான் நடந்தார். யாரும் காரணம் கேட்கவில்லை.

நீரிழிவு உண்டா என்றே தெரியாதவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்த, அரசின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் குடும்பத்தினருக்குப் பெகா பி40 என்ற அரசின் சுகாதாரத் திட்டத்தில் இரத்தப் பரிசோதனை இலவசம்.

இரண்டாம் படி: வாய்விட்டுக் கேட்பது

அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம், கூட்டமோ மிகுதி. மருத்துவருக்கு உங்களிடம் செலவிடச் சில நிமிடங்களே உண்டு. ஆகவே கண் படத்தின் முடிவைக் கேட்கும்போதே, “அழுத்தம் பார்த்தீர்களா, நரம்பு எப்படி இருக்கிறது?” என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். மலாயில் கேட்க நேர்ந்தால் கண் அழுத்தம் ‘தெக்கானான் மாத்தா’, நிபுணருக்கான பரிந்துரைக் கடிதம் ‘சூராட் ருஜுக்கான்’, முன்பதிவு நாள் ‘தெமு ஜன்ஜி’. படத்தில் பார்வை நரம்பு தொடங்கும் வட்டமும் தெரிவதால், அதன் நடுக்குழி வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் படம் பார்ப்பவர் குறித்துவைப்பதும் உண்டு. ஆனால் எந்தப் படமும் அழுத்தத்தை அளப்பதில்லை.

அழுத்தம் பார்க்க முதலில் ஒரு நல்ல கண்ணாடிக் கடைக்குப் போவதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். காற்றை ஊதும் கருவி வைத்திருக்கும் கடைகள் பினாங்கில் பல உண்டு. அங்கே எண் கூடுதலாக வந்தால் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எண் இயல்பாக வந்தால் அதை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். ஒரு குறிப்பு: சர்க்கரை தாறுமாறாக இருக்கும்போது கண் வில்லை உப்பிப் பார்வை மாறிக்கொண்டே இருக்கும். அந்த வாரங்களில் புதுக் கண்ணாடிக்குப் பணம் கட்டினால் அது விரைவிலேயே பொருந்தாமல் போகும்.

மூன்றாம் படி: கண் பிரிவில் ஒரு நாள்

பினாங்குத் தீவில் ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனை நிபுணர் பிரிவில் குடிமக்களுக்கு ஒரு வருகைக்கு 5 ரிங்கிட் கட்டணம். எந்த மருத்துவமனைக்கு அனுப்பினாலும் அரை நாள் போய்விடும் என்ற கணக்கோடு போக வேண்டும். கண் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. காலையில் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வரிசையில் உட்கார்ந்து சர்க்கரை இறங்கி மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பையில் ரொட்டியும் இனிப்பு மிட்டாயும் இருக்கட்டும்.

மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல ஒளியில் ஒரு சிறு முனையைக் கார்னியாவில் தொட்டு அழுத்தம் அளப்பார்கள், வலிக்காது. கார்னியாவின் தடிப்பையும் அளப்பார்கள். தடித்த கார்னியா உள்ளவருக்கு எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நீரிழிவு உள்ளவர்களிடம் அது சற்றுத் தடித்திருப்பதும் உண்டு. வடிகால் மூலை திறந்திருக்கிறதா என்று ஒரு சிறு கண்ணாடி வில்லையை வைத்துப் பார்ப்பார்கள். நரம்பை ஸ்கேன் எடுப்பார்கள்.

எல்லாவற்றிலும் மனிதரைச் சோதிப்பது பார்வைப் புலப் பரிசோதனை. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றினுள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்தபடி, எங்கேனும் ஒளி மினுக்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒளி மிக மங்கலாகும்வரை குறைந்துகொண்டே போவதால், பாதி நேரம் ஒன்றும் தெரியாமல்தான் இருக்கும். அது எல்லோருக்கும் அப்படித்தான். அக்கா முதல்முறை பயந்துபோய்த் தெரியாததற்கெல்லாம் அழுத்தினார்; முடிவு பயனற்றதாகி மறுபடி வரச் சொன்னார்கள். கண் களைத்தால், பெரும்பாலான கருவிகளில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சோதனை அப்படியே நிற்கும். தொடங்குமுன் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அக்காவுக்கு வந்த தாளில், வலது கண்ணின் மூக்குப் பக்க மேல்மூலை கரிபூசியதுபோல் இருந்தது. அந்த மூலையில் எதையும் பார்க்கவில்லை என்பது அன்றுவரை அவருக்கே தெரியாது.

கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் நான்கைந்து மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் இருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்து, அதிலேயே பாலம் ஏறித் திரும்பலாம் என்று எண்ணாதீர்கள். அக்காவும் நானும் ஃபெரியில்தான் திரும்பினோம். கடலில் பட்டுத் தெறித்த வெயிலில் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி கொண்டுபோகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் படி: சொட்டு மருந்தோடு வாழ்தல்

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கண் அழுத்தம் தானாக இறங்கிவிடும் என்று நம்பிச் சொட்டை நிறுத்துபவர்கள் உண்டு. விழித்திரையைக் காக்கச் சர்க்கரைக் கட்டுப்பாடு, நரம்பைக் காக்கச் சொட்டு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

அதிகம் தரப்படுபவை இரண்டு. லட்டனோபுரொஸ்ட் வழக்கமாக இரவில் ஒரு முறை. இமைமயிர் நீளலாம், ஐரிஸ் கருக்கலாம். டிமோலோல் பெரும்பாலும் நாளுக்கு இரு முறை. இதில்தான் நீரிழிவு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறைவதில்லை. இன்சுலின் போடுபவர் டிமோலோலும் விடுகிறார் என்றால், காரணமில்லாமல் குப்பென்று வியர்த்த உடனே விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு டிமோலோல் ஆபத்தானது. முன்பே சொல்லிவிட வேண்டும். அழுத்தம் குறைக்கத் தரப்படும் அசெட்டசோலமைட் மாத்திரைக்கும் சிறுநீரகத்தின் நிலையை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

சொட்டு விடுவதிலும் முறை உண்டு. ஒரு சொட்டே போதும்; இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால், மருந்து மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலப்பது குறையும். இரண்டு வகை மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும். நீரிழிவால் விரல் மரத்தவர்களுக்குக் குப்பியைப் பிழிவதே பாடு. வீட்டில் ஒருவர் விட்டுவிடுவது நல்லது. அக்கா தன் குப்பியை ஃபிரிஜ் கதவில், பழைய மைலோ டின்னில், இன்சுலின் பேனாவோடு வைத்திருக்கிறார். குளிர்ந்த சொட்டு கண்ணில் விழுந்தது தெளிவாகத் தெரிகிறது என்கிறார். தவறிக் கன்னத்தில் விழுந்தாலும் தெரிகிறதாம். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். எத்தனை வாரம் வைத்திருக்கலாம், எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்று உறையில் போட்டிருக்கும்.

மருந்து வாங்கவே மாதாமாதம் தீவுக்கு வர வேண்டியதில்லை. எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டின்படி வீட்டருகிலுள்ள அரசு கிளினிக்கிலேயே தொடர் மருந்தைப் பெறலாம். மருந்தகத்தில் கேட்டால் பதிந்துகொள்வார்கள். நோன்பு மாதத்தில் பகல் சொட்டு விடலாமா என்ற ஐயம் உள்ளவர்கள் மருத்துவரையும் இமாமையும் முன்கூட்டியே கேட்டு, நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தாமே நிறுத்திவிடக் கூடாது.

காத்திருக்கக் கூடாத வேளை

ஒரு கண்ணில் திடீரெனக் கடும் வலி, சிவப்பு, மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே தலைவலியும் வாந்தியும் வந்தால், வடிகால் மூலை முற்றாக அடைபட்டிருக்கலாம். நீரிழிவு உள்ளவர் வாந்தியெடுத்தால் வீட்டிலுள்ளோர் வயிற்றையும் சர்க்கரையையுமே நினைப்பார்கள். சர்க்கரையைப் பாருங்கள், கண் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இது விடியும்வரை பொறுக்கும் காரியமன்று. தெமு ஜன்ஜி எதுவும் வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஏற்கெனவே பார்வையின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு, 1926-ல் தொடங்கப்பட்டு, பினாங்கின் ஜாலான் பாகான் ஜெர்மாலில் இயங்கிவரும் செயின்ட் நிக்கலஸ் இல்லம் குறைபார்வையோடு வாழ்வதற்கான பயிற்சியும் கருவிகளும் பற்றி வழிகாட்டுகிறது.

கடைசிப் படி: உடன்பிறந்தவர்கள்

ஒருவருக்குக் கிளாக்கோமா என்று தெரிந்தால், நீரிழிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்; இரத்த உறவில் இந்நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். அக்காவின் மருத்துவர் தாளை மடித்துக்கொண்டே, “கூட வந்திருப்பது யார்?” என்று கேட்டார். தம்பி என்றேன். அடுத்த முறை நானும் ஒரு கடிதத்தோடு வந்தேன். இரு கண்ணிலும் 19, நரம்பு நன்றாக இருக்கிறது, ஓராண்டு கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா அவருக்குப் போன் போட்டு, நலம் விசாரிப்பதற்கு முன் அதைத்தான் கேட்கிறார்.